குடும்பக் குழு: பர்மா நோட்டு

தம்பி: பெரியப்பா, அப்பத்தா பெட்டியில் 100 கியாட் நோட்டு ஒன்று கிடைத்தது. மாற்றலாமா? படத்தில் இருப்பவர்தான் பர்மாவில் ராணுவ ஆட்சி நடத்திய நே வின்னா?

பெரியப்பா: இல்லையப்பா, அது பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான். இருவரும் ஜப்பானிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் அடக்கம். ஆங் சானை 1947-இல் சுட்டுக் கொன்றார்கள். அந்த நோட்டு 1964 மே மாதமே செல்லாமல் போய்விட்டது. 50, 100 இரண்டையும் நே வின் அரசு ஒழித்தது.

அத்தை: அதற்கு முன்னாலேயே கடை போய்விட்டதே அண்ணா. மார்ச்சில் வந்து பூட்டி, மக்கள் கடை என்று பலகை மாட்டினார்கள். கப்பலேறும்போது அம்மா காதுத் தோட்டையும் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காதோடுதான் மெட்ராஸில் இறங்கினார்.

பெரியப்பா: நம்மைப் போல சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. மெட்ராஸில் பர்மா பஜார் வந்ததே இப்படித்தான்.

மாப்பிள்ளை: மாமா, தப்பாக நினைக்காதீர்கள். ராணுவக்காரர் கையில் இருந்தால் நாடு ஒழுங்காக இருக்கும் என்கிறார்களே?

பெரியப்பா: நாங்கள் பார்த்த ஒழுங்கைக் கேளுங்கள் மாப்பிள்ளை. 1962 மார்ச் 2-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பிரதமர் ஊ நூவை உள்ளே போட்டார். ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டு, அவர்கள் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். போருக்கு முன் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. 1987-இல் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் ஐ.நா. சேர்த்தது. 25 வருஷத்தில் இந்த நிலை!

தம்பி: 45, 90 கியாட் நோட்டு அடித்ததும் இவர்தானே?

பெரியப்பா: அவரேதான். அதுவும் 1987-தான். 25, 35, 75 நோட்டுகள் செல்லாது என்றார், பதிலுக்கு ஒரு காசு தரவில்லை. ஒன்பதால் வகுபடும் எண் அவருக்கு ராசி என்று ஊரே பேசியது. ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் போனதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு வருஷம் ஜூலையில் பதவி விலகினார். விலகும்போதும், ராணுவம் சுட்டால் குறிபார்த்துத்தான் சுடும் என்று மிரட்டிவிட்டுத்தான் போனார். ஆகஸ்டில் அப்படியே சுட்டார்கள்.

மாப்பிள்ளை: இவ்வளவு எனக்குத் தெரியாது மாமா. கடைசியில் என்ன ஆனார்?

பெரியப்பா: 2002 டிசம்பரில் வீட்டுக்காவலில் செத்தார். அரசு மரியாதைகூட இல்லை.

அத்தை: அப்பாவின் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். தம்பி, நீ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குழுவில் போடு.