ரேமில் மட்டும் ஓடும் எஸ்எஸ்எச் அரட்டை: கார்டில் பழைய செய்தி எப்படி?

வாடைக்காத்து (தங்கச்சிமடம்):
ராஸ்பெர்ரி பை 3ல (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) எஸ்எஸ்எச் (பூட்டுப் போட்ட தொலை இணைப்பு) வழியா நுழையற அரட்டை சர்வர் ஓடுது. எட்டுப் பேர். படகு கரை ஏறுறதுக்கு முன்னாடி நண்டு, கணவா விலை பேசிக்க. டேட்டாபேஸ் கிடையாது, எல்லாம் ரேம்தான். ஆனா பையோட எஸ்டி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகி ஒரு விலையைத் தேடினா, போன வாரச் செய்தி நேரத்தோட வரி வரியா வருது. எங்கேர்ந்து?

கச்சான்:
நேரத்தோட வருதுன்னா அநேகமா ஜர்னல், அதாவது லினக்ஸோட பதிவேடு. சர்வரை சிஸ்டம்டி (பின்னணி சேவைகளை ஓட்டுற நிரல்) சேவையா போட்டு, லாக் அளவை டீபக்ல (எல்லாத்தையும் விவரமா எழுதுற நிலை) விட்டிருப்பீங்க. அது திரைக்குத் துப்புறதெல்லாம் ஜர்னலுக்குப் போயிடும். ஜர்னல் அமைப்பில் ஸ்டோரேஜை வோலட்டைல்னு (ரேமில் மட்டும்) மாத்துங்க, டீபக்கையும் எடுத்துடுங்க.

அடுத்த ஓட்டை ஸ்வாப், ரேம் பத்தாதப்ப கார்டுல எடுத்துக்கிற இடம். பை 3ல ரேம் 1 ஜிபிதான். நெருக்கடின்னா கெர்னல் ரேமில் இருக்கிறதைக் கார்டுக்குத் தள்ளும், செய்தியும் சேர்ந்து போகும். எட்டுப் பேருக்கு ஸ்வாப் எதுக்கு? பூட்ல திரும்ப எழாதபடி சேவையோட நிறுத்துங்க.

பழைய ஃபைலை அழிச்சா போதாது. மேல எழுதினாலும் எஸ்டி கார்டு வேற பிளாக்ல எழுதும், பழசு அப்படியே கிடக்கும். புதுக் கார்டு போட்டுட்டு பழசை உடைச்சிடுங்க.

தொண்டி_டெர்மினல்:
அதுக்காக மொத்தத்தையும் டெம்ப்எஃப்எஸ்ல (ரேமிலேயே இருக்கிற ஃபைல் இடம்) போட்றாதீங்க அண்ணே. ஹோஸ்ட் கீயும் (சர்வரோட அடையாளச் சாவி) அதுல இருந்தா, கரண்டு போய் வந்ததும் புதுக் கீ. எட்டு போன்லயும் 'அடையாளம் மாறிடுச்சு'ன்னு கத்தும். போன்ல சேமிச்சிருக்கிற பழைய கீ வரியை அழிச்சிட்டு நுழையறதே பழக்கமாயிட்டா, நடுவுல நிஜமாவே ஒருத்தன் உட்கார்ந்தாலும் தெரியாது. கீ மட்டும் கார்டுல, 600 அனுமதியோட (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும்.

இன்னொண்ணு: எஸ்எஸ்எச் பூட்டு சர்வர் வரைக்கும்தான். ராஸ்பெர்ரி பைல ரூட் (முழு நிர்வாக உரிமை) வச்சிருக்கிறவருக்கு எல்லாமே தெரியும். போன்ல இருக்கிற டெர்மக்ஸ் (டெர்மினல் செயலி) திரையை மேல உருட்டினாலும் பழசு நிக்கும். உருட்டு வரிகளைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க.

வாடைக்காத்து:
ஜர்னலேதான், டீபக்ல கிடந்தது. தனுஷ்கோடி பக்கம் போனா இணைப்பு தொங்குதே, பேரு மட்டும் அறையில நிக்குது?

கச்சான்:
அங்க போன் இலங்கை டவரைப் பிடிக்கும். ரெண்டு நாட்டு நேரமும் ஒண்ணு, அதனால கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நெட்வொர்க்கைத் தானியங்கியில விடாம கையால தேர்ந்தெடுங்க. கிளையண்ட்ல 30 விநாடிக்கு ஒரு உயிர்த்துடிப்பு (இணைப்பு இருக்கான்னு பார்க்கிற சின்னச் செய்தி), மூணு தவறினா இணைப்பை அறுக்கும்படி வைங்க. சர்வர் பக்கமும் அப்படி ஒரு காலக்கெடு இல்லேன்னா பேரு நின்னுட்டேதான் இருக்கும். மோஷ் (நெட்வொர்க் மாறினாலும் தாங்குற தொலை இணைப்பு நிரல்) இதுக்கு ஆகாது. அரட்டை சர்வரே எஸ்எஸ்எச்சா இருக்கிறதால மோஷ் பேச எதிர்ப்பக்கம் ஆளில்லை.