புதுப்பிப்பு: மகளின் வயிற்று உப்புசமும் பெருங்காய டப்பாவும்

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்), அதனால் கோதுமை கூடாது. மாமியார் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஐந்து பேருக்கும் ஒரே சமையல் முடியுமா, சோறும் இட்லியும் மட்டுமே சாப்பிட்டும் மகளுக்கு ஏன் வயிறு உப்புகிறது என்று.

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பெருங்காய டப்பாவின் பின்புறம், பொடி எழுத்தில், "கோதுமை மாவு". கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவு கலப்பது வழக்கமாம், கட்டியிலும் உண்டு. தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் நானே அதைப் போட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இப்போது ரசத்துக்குப் பூண்டும் சீரகமும்தான். மாம்பலத்தில் நாங்கள் போகும் மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் அரிசியும் அரைக்கிறார்கள். ஆகவே இடியாப்பத்துக்கு ஊறவைத்த அரிசியை வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலிக்கிறேன்.

பால் பிரச்சினை எளிதாகவே தீர்ந்தது. ஊறிய வேர்க்கடலையை அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில், உறைமோருக்குப் பதிலாக நான்கு பச்சைமிளகாய்க் காம்புகளை அமிழ்த்தி மூடிவைத்தேன். சென்னை வெயிலில் காலைக்குள் கெட்டியாக உறைந்திருந்தது. கடலை வாசனை கொஞ்சம் இருக்கும். இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தால் தெரிவதில்லை. நேற்று ஐவரும் ஒரே பாத்திரத்துத் தயிர்சாதம் சாப்பிட்டோம். மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மகளுக்கு மூன்று வாரங்களாக வயிற்று உப்புசம் இல்லை. அடுத்த மாதம் மறுபரிசோதனை.