மறு: ஜெனோலித் – ஆழ்கல்லா, அயற்கல்லா?

அனைவருக்கும் வணக்கம். பாறைக்குழம்பு ஏறிவரும் வழியில் பெயர்த்துக்கொண்டு வரும் அந்நியப் பாறைத் துண்டுதான் ஜெனோலித் (xenolith). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஆழ்கல் என்றே வைத்துவிடலாமே. சொன்னதும் பூமிக்கடியிலிருந்து வந்தது என்று விளங்கிவிடும்.

நேற்று இப்படி எழுதிய ஐயாவுக்கு: சொல் காதுக்கு இனிமைதான். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, பல்லாவரத்துக் கல். நான் இருப்பது தண்டையார்பேட்டை. காசிமேட்டுப் பக்கம் அலை அரிக்காமலிருக்கக் கொட்டியிருக்கும் கருங்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல் நினைவுக்கு வரும். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து, 1893-ல் பாறை ஆய்வாளர் ஹாலண்ட் ‘சார்னகைட்’ என்று பெயரிட்டாரே, அதே இனம். புவிமேலோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போய்த்தான் இன்று வெயில் காய்கிறது. ஆழத்துக் கல், சந்தேகமில்லை. ஆனால் ஜெனோலித் இல்லை. எந்தப் பாறைக்குழம்பும் அதைத் தூக்கி வரவில்லை.

இன்னொன்று, இதற்கு நேர் எதிர். குழம்பு ஏறிவரும் வழியில், தரைக்கு நூறு மீட்டர் கீழே பக்கச் சுவரிலிருந்து மணற்கல் துண்டு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அதுவும் ஜெனோலித்தான். தன்னைச் சூழ்ந்த பாறைக்கு உறவில்லாதது என்பதுதான் அதன் இலக்கணம், ஆழம் அல்ல.

அதனால் அயற்கல். இந்த ‘அயல்’ வெறும் மொழிபெயர்ப்பு இல்லை, அறிவியலே அதில்தான் இருக்கிறது. பில்டர் காபியை நினைத்துக்கொள்ளுங்கள். கவசத்தில், அதாவது புவிமேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கில், இருக்கும் பெரிடோடைட் என்ற பாறை முழுதாக உருகுவதில்லை. ஒரு பங்கு மட்டும் உருகி வடிகிறது. அந்த டிகாக்‌ஷன்தான் பசால்ட் குழம்பு. அந்தப் பாறையிலுள்ள கனிமங்களில் கிளைனோபைராக்சீன் சீக்கிரம் கரைந்து போகும். ஆலிவின் பெரும்பாலும் மிஞ்சும். எரிமலை கக்கிய பச்சைக் கல்லை, அதாவது ஜெனோலித்தாக வந்த பெரிடோடைட் துண்டை, கையில் எடுத்து எந்தக் கனிமம் குறைந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தத் தூளிலிருந்து எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள் என்று மதிப்பிடலாம். ஆழத்துக்கும் அடையாளம் உண்டு: அதிலுள்ள அலுமினியம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெல்ட்ஸ்பாரில் இருந்தால் மேல்மட்டம், ஸ்பைனலில் இருந்தால் அதற்குக் கீழே, கார்னெட்டில் இருந்தால் இன்னும் கீழே.

ஆனால் ‘இந்தத் தூளில் இறக்கியதுதான் இந்தக் காபி’ என்று அவசரப்படக் கூடாது. குழம்பு இன்னும் ஆழத்தில் பிறந்து, வழியில் கிடந்த துண்டை அள்ளி வந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ‘அயல்’ என்ற சொல் அந்த எச்சரிக்கையைத் தானே செய்துவிடுகிறது. அப்புறம், இந்தத் துண்டு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.3 கிராம், குழம்போ 2.7, 2.8. மூழ்கியிருக்க வேண்டியது மேலே வந்திருக்கிறது என்றால், குழம்பு என்ன வேகத்தில் ஏறியிருக்கும்!

சொற்குடும்பமும் அமைகிறது. வேறு பாறையிலிருந்து உதிர்ந்து குழம்பில் ஒட்டிக்கொண்ட ஒற்றைப் படிகம் அயற்படிகம். அதே குழம்பில் முன்பே உறைந்து, பிறகு அதிலேயே சிக்கிய துண்டு உடன்கல், உடன்பிறப்பு மாதிரி. ஆழ்கல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிச் சொல்வது?

‘வந்தேறிக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருத்தம்தான். ஆனால் நாலு திசையிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வடசென்னை வகுப்பில் அதை நான் சொல்ல மாட்டேன். ‘அடிக்கல்’ என்றவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை நாட்ட அமைச்சர் வர வேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சம். இன்று காலை பிளஸ் ஒன் வகுப்பில் அயற்கல் என்று பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: “அப்போ விண்கல்லா சார்?” அதற்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.