ஏலாமிய உருளை முத்திரை: களிமண் வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஈரானின் பழைய நகரமான சூசாவில் கிடைத்த ஆதி ஏலாமிய (ஏலாம் என்பது அங்கே இருந்த பண்டைய நாகரிகம்) உருளை முத்திரைகளை, அதாவது சுற்றிலும் படம் செதுக்கிய சின்ன உருளைகளை, எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போகிறேன். சுமார் 5000 ஆண்டுப் பழமை. விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் ஈரக் களிமண்ணில் உருட்டினால் மனிதரைப் போல நிமிர்ந்து நிற்கும் காளையும் சிங்கமும் வரிசையாக எழும்பி வரும். அதை அவர்கள் தங்கள் கையாலேயே உருட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

சோப்புக் கட்டியைச் சீவி, படத்தை இடவலம் மாற்றிச் செதுக்கிவிட்டேன். உருட்டும்போதுதான் சிக்கல்: மண் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, காளையின் கொம்பு பிய்ந்து வருகிறது. மண்ணை எவ்வளவு நேரம் உலர விடலாம்? எண்ணெய் தடவலாமா, மாவு தூவலாமா? அப்புறம், சோப்புக்குப் பதில் மாக்கல் சரிப்படுமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.