ஹார்டிஸ்க் டிக் டிக் என்கிறது, படங்களை எடுத்துவிட்டு மாற்ற முடியுமா?

லயத்துப்பையன், சுங்கை சிப்புட்

வணக்கம். வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய மடிக்கணினி. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டிஸ்க், விண்டோஸ் 10. மூன்று வாரமாக, பட்டனை அமுக்கிவிட்டுப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்றிலிருந்து இடது கை வைக்கும் இடத்துக்கு அடியில் டிக், டிக். கொஞ்சம் அமைதி, மறுபடி டிக். அம்மா பல்லி சொல்கிறது என்று நினைத்துப் பலன் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் இருக்கும் எண் காலையில் பார்த்ததைவிட மாலையில் கூடியிருக்கிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஃபார்மெட் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

மகள் படிவம் 5 படிக்கிறாள். அவளுடைய பள்ளி வேலையெல்லாம் டெலிமா என்ற கல்வியமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எல்லாவற்றையும் இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அந்தப் படங்களை ஸ்கேன் செய்து இதில்தான் வைத்திருக்கிறேன். அசல் படங்களைக் கரையான் தின்றுவிட்டது. இன்று ராத்திரி விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட விடலாமா?

ஈப்போக்காரன்

அண்ணே, வேண்டாம். முதலில் கணினியை அணையுங்கள், மற்றதை கைப்பேசியில் படித்துக்கொள்ளுங்கள்.

சி5 என்பது, படிக்கப் போய்ப் படிக்க முடியாமல் டிஸ்க் குறித்து வைத்திருக்கும் செக்டர்களின், அதாவது சின்னச் சின்னப் பகுதிகளின், கணக்கு. அது நாளுக்கு நாள் ஏறினால் தகடோ அதைப் படிக்கும் ஹெட்டோ போய்க்கொண்டிருக்கிறது. ஃபார்மெட் அடித்தாலும் அது ஆறாது. செக்டிஸ்க்கை முழுச் சோதனைக்கு விட்டால் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும், போதாக்குறைக்குக் கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதும். மூச்சு வாங்குகிறவரை மலை ஏறச் சொல்கிற மாதிரி. நகல் எடுக்காமல் எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம்.

வாங்க வேண்டியது: பழையதுக்குப் பதிலாகப் போட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்) ஒன்று, நகலெடுக்க 1 டிபி வெளி டிஸ்க் ஒன்று. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். முதலில் படக் கோப்புறையை மட்டும் கையால் நகலெடுங்கள். அப்புறம் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் முழு டிஸ்க்கையும் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். கூடவே எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், படங்கள் போயே போய்விடும். எண்டர் தட்டுவதற்கு முன் டிஸ்க்கின் மாடல் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். நான் ஒருமுறை படிக்காமல் தட்டியவன்.

புதுசு

டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்பார்களே?

பழைய டெக்னீசியன், தைப்பிங்

நம் ஊர் ஈரக்காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடிக் குவளை எப்படி வியர்க்கும்? தகடும் அப்படித்தான் வியர்க்கும். விட்டுவிடுங்கள்.

தம்பி, டிக் சத்தம் நிற்காமல் வந்து, கணினி கிளம்பும்போது வரும் பயாஸ் திரையிலேயே டிஸ்க் தெரியாமல் போனால் அதற்குமேல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அது தூசியில்லா அறையில் திறக்க வேண்டிய வேலை. இப்போதைக்குத் தெரிகிறது என்பதால் ஈப்போத் தம்பி சொன்னபடி செய்யலாம். மின்ட்டில் டிஸ்க் பூட்டியிருப்பதாகக் காட்டினால் அது விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர். 48 இலக்கச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

ஓஎஸ் (இயங்குதளம்) விஷயம். விண்டோஸ் 11-இன் பட்டியலில் உங்கள் இன்டெல் ஆறாம் தலைமுறை கிடையாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ்தான் வேண்டுமென்றால், நிறுவும்போது 'சாவி இல்லை' என்று கொடுங்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாறினாலும் போகாது. என்னைக் கேட்டால் மின்ட்டையே போடுவேன். டெலிமா பிரௌசரில்தானே திறக்கிறது?

லயத்துப்பையன்

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. சாமான்களை ஈப்போவில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி படக் கோப்புறையை எடுத்து முடித்ததும் டிடிரெஸ்க்யூவை விட்டேன். விடிகாலை வரை ஓடியது. கடைசியில் படியாமல் நின்றது 11 எம்பி.

காலையில் கழற்றினேன். பத்துத் திருகு எடுத்தும் மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. கலந்துவிடாமல் இருக்க அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களில் போட்டுவைத்தேன். ஒரு திருகில் இன்னும் மஞ்சள் தூள். உள்ளே விசிறியோரம் எறும்பு முட்டை! பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தேன். பழைய டிஸ்க் 9.5 மிமீ, எஸ்எஸ்டி 7 மிமீ. ஆட்டம் கொடுக்குமோ என்று பயந்தேன், பிடிமானச் சட்டத்தில் திருகியதும் அசையவில்லை.

எஃப்12 அமுக்கி, பென்டிரைவிலிருந்து மின்ட்டை நிறுவினேன். மகள் ஐந்து நிமிடம் முகத்தைச் சுளித்தாள், அப்புறம் டெலிமா திறந்ததும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று படங்கள் மட்டும் பாதியோடு நின்றுவிட்டன. ஒன்று ஆயாக்கொட்டகை. தகரக் கூரையும் ஆயாவின் தலையும் தெரிகின்றன, கீழே முழுக்கச் சாம்பல். தொட்டில்களில் கிடந்த பிள்ளைகள் அந்தச் சாம்பலுக்குள்தான். இதை மீட்க வழியுண்டா?

ஈப்போக்காரன்

மேப் கோப்பு இருக்கிறதல்லவா? அதே கோப்போடு, படியாத இடங்களை மட்டும் இன்னும் இரண்டு மூன்று முறை முயலச் சொல்லுங்கள். அதற்குள் எடுத்ததை வேறொரு இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம்.

பழைய டெக்னீசியன், தைப்பிங்

அதுவும் பலிக்காவிட்டால், அந்த லயத்தில் இருந்த மற்ற குடும்பங்களிடம் கேளுங்கள் தம்பி. எங்கள் தோட்டத்தில் படம் பிடிக்க வந்தவர் ஒரே படத்தை நாலு வீட்டுக்கு விற்றுவிட்டுத்தான் போவார்.

லயத்துப்பையன்

அத்தை லிந்தாங்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரோடு போகிறேன்.