ஜிசிசி 12 போட்டதிலிருந்து கிளாங் லிங்க் ஆகவில்லை, லைப்ரரி இருந்தும் இல்லை என்கிறது

வெண்டைக்காய்_சி++
உபுண்டு 22.04, சி++ கம்பைலர் கிளாங் 14. கெர்னல் 6.5க்கு மாறியதும் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் பில்ட் ஆகாமல் இன்னொரு கம்பைலரான ஜிசிசி 12ஐக் கேட்டது, சரி என்று ஜிசிசி-12 பேக்கேஜை மட்டும் போட்டேன், டிரைவர் சரியாகிவிட்டது, என் ப்ராஜெக்ட் படுத்துவிட்டது. லிங்க் செய்யும்போது -எல்எஸ்டிடிசி++ (சி++இன் ஸ்டாண்டர்ட் லைப்ரரி) கிடைக்கவில்லை என்கிறது. தேடிப் பார்த்தால் லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 சிஸ்டம் லைப்ரரி ஃபோல்டரில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது! எல்டி_லைப்ரரி_பாத் கொடுத்தேன், அசையவில்லை. அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸில் ஜிசிசியை 11க்குத் திருப்பினேன், அதுவும் இல்லை. கடைசியில் ஜிசிசி 11 ஃபோல்டரை -எல் (பெரிய எழுத்து, தேடும் இடத்தைச் சொல்வது) போட்டுக் காட்டியதும் லிங்க் ஆனது. அப்பாடா என்று மேக் கிளீன் அடித்துத் திரும்ப பில்ட் செய்தால் இப்போது ஐஓஸ்ட்ரீம் ஹெடரே இல்லையாம். இதே கோடு ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++இல் சிரமமில்லாமல் ஓடுகிறது. இரண்டு நாளாக இதே வேலை.

பழைய_பென்குவின்
ஹெடரும் இல்லை, லைப்ரரியும் இல்லை என்றால் லிங்கரைத் திட்டிப் பயனில்லை, எங்கே தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லி அனுப்புவது கிளாங்தான். கிளாங்++ -வி என்று அடித்துப் பாருங்கள், தேர்ந்தெடுத்த ஜிசிசி எது என்று ஒரு வரி வரும், அதன் கடைசியில் 12 என்று இருக்கும்.

லினக்ஸில் கிளாங் வழக்கமாக ஜிசிசியின் சி++ லைப்ரரியைத்தான் கடன் வாங்குகிறது. இருக்கும் ஜிசிசி ஃபோல்டர்களில் பெரிய எண் எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே சி++ சாமான் இருக்கிறதா என்று பார்க்காது. நீங்கள் போட்டது சி கம்பைலர் மட்டும். அதனால் 12 ஃபோல்டர் வந்துவிட்டது, சி++ ஹெடரும் லைப்ரரியும் வரவில்லை. ஆல்டர்நேட்டிவ்ஸ் மாற்றுவது ஜிசிசி என்ற பெயர் எதைக் காட்டுகிறது என்பதை மட்டும்தான், கிளாங் அதைச் சட்டை செய்யாது.

அந்த .எஸ்ஓ.6 விஷயம்: -எல்எஸ்டிடிசி++ என்றால் லிங்கர் தேடுவது லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ அல்லது .ஏ, பின்னால் 6 இல்லாமல். அந்த 6 போட்டது ப்ரோகிராம் ஓடும்போது தேவைப்படுவது. 6 இல்லாத சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) டெவ் பேக்கேஜோடுதான் வரும், அதுவும் ஜிசிசி எண் போட்ட ஃபோல்டருக்குள். எல்டி_லைப்ரரி_பாத்தும் ஓடும் நேரத்துக்கானது, லிங்க் நேரத்தில் -எல்எஸ்டிடிசி++ஐத் தேட அது உதவாது.

லிப்எஸ்டிடிசி++-12-டெவ் போடுங்கள், முடிந்தது.

மேக்ஃபைல்_மாமா
மேலே சொன்னது சரி. 11தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: கிளாங் 16 முதல் --ஜிசிசி-இன்ஸ்டால்-டிர் என்ற ஆப்ஷன் உண்டு, ஃபோல்டரையே நேராகக் காட்டிவிடலாம். 14இல் அது கிடையாது. பழைய --ஜிசிசி-டூல்செயின் கொடுத்தாலும், காட்டிய இடத்துக்குள் மறுபடி பெரிய எண்ணைத்தான் எடுக்கும், நான் ஒரு மதியம் முழுக்க அதில் தொலைத்திருக்கிறேன்.

சிலர் சிஸ்டம் ஃபோல்டரில் கையாலேயே ஒரு சிம்லிங்க் போட்டுவிடச் சொல்வார்கள். லிங்க் ஆகும், ஆனால் ஹெடர் வராது. அடுத்த வருடம் அதைப் போட்டது யார் என்று நீங்களே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெண்டைக்காய்_சி++
-வி போட்டேன், 12தான். டெவ் பேக்கேஜ் போட்டதும் சுத்தமாக பில்ட் ஆகிவிட்டது, ரொம்ப நன்றி இருவருக்கும். அந்த 11 -எல் வரி மேக்ஃபைலில் இன்னும் இருக்கிறது, இருந்தால் ஏதாவது கெடுமா?

பழைய_பென்குவின்
எடுத்துவிடுங்கள். இப்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் 11, 12 இரண்டின் .எஸ்ஓவும் போய் நிற்பது அதே சிஸ்டம் .6இல்தான். என்றைக்காவது லைப்ரரியை ப்ரோகிராமுக்குள்ளேயே சேர்க்க -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ போட்டால் கதை வேறு. நீங்கள் கொடுத்த -எல் கிளாங் சேர்க்கும் பாதைகளுக்கு முன்னால் நிற்கும், 12இன் ஹெடரில் கம்பைல் ஆன கோடு 11இன் .ஏ ஃபைலோடு போய்ச் சேரும். 12இல் புதிதாக வந்த ஒரு ஃபங்க்ஷனைத் தொட்டால் போதும், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வந்து நிற்கும்.