அப்பாவுக்கும் மாமிக்கும் இரைப்பைக் கன்சர், எனக்கும் தம்பிக்கும் வருமா?

கொக்குவில்_பிள்ளை:
அப்பா போன வருடம் இரைப்பைக் கன்சரால் காலமாகிவிட்டார், வயது 61. ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கு (அப்பாவின் தங்கச்சி) 44 வயதில் அதே வருத்தம் வந்து இரைப்பையையே எடுத்துவிட்டார்கள், இப்போது சுகமாக இருக்கிறா. அப்பப்பாவும் வயிற்றுக்குத்து என்று சொல்லிச் சொல்லித்தான் செத்தவராம், ஆனால் அது ஷெல்லடிக் காலம், கமரா விட்டுப் பார்க்க எங்கே போவது. எனக்கு 33, தம்பிக்கு 29. செத்த வீட்டுக்கு வந்த சனம் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனது: கருவாடு, செத்தல் மிளகாய், சொந்தத்துக்குள் கலியாணம் கட்டினது. தம்பிக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம் என்பதால் அம்மா இதை வெளியில் கதைக்கவே விடுகிறா இல்லை. எண்டோஸ்கோபி செய்தால் தெரிந்துவிடுமா? ஜீன் டெஸ்ட் என்கிறார்களே, அதை நான் செய்ய வேண்டுமா?

வடலி:
தங்கச்சி, முதலில் அப்பாவின் டயக்னோசிஸ் காட்டையும் பயாப்சி றிப்போட்டையும் தேடி எடுங்கள், மாமியுடையதையும் கேளுங்கள். அதில் ‘டிஃப்யூஸ்’ அல்லது அதே வகையைக் குறிக்கும் ‘சிக்னெட் ரிங் செல்’ என்று இருக்கிறதா, ‘இன்டெஸ்டைனல்’ என்று இருக்கிறதா, அதைப் பொறுத்துத்தான் மிச்சக் கதை எல்லாம். இரைப்பைக் கன்சரில் நேரடியாகப் பரம்பரையால் வருவது 1 முதல் 3 சதவீதம்தான், ஆனால் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்து, அதில் ஒருவருக்காவது டிஃப்யூஸ் வகை என்றால் சிடிஎச்1 என்ற ஜீனைப் பார்க்கச் சொல்லி 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டலே சொல்கிறது. 50 வயதுக்கு முன் ஒருவருக்கு டிஃப்யூஸ் வந்தாலே போதும். கலங்களை (செல்களை) ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைக்கும் ஈ-கட்ஹெரின் புரதத்தை உண்டாக்குவது அந்த ஜீன்தான். நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் இளம் வயதிலேயே இரைப்பைக் கன்சரால் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள், காரணம் இந்த ஜீனில் உள்ள மாற்றம் என்று 1998இல் கண்டுபிடித்தார்கள்.

எண்டோஸ்கோபி பற்றிக் கேட்டீர்கள். டிஃப்யூஸ் வகை கட்டியாக எழும்பாது, இரைப்பையின் உட்பக்க மேற்படைக்குக் கீழே ஒவ்வொரு கலமாகப் பரவும், அதனால் கமராவில் இரைப்பை சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கலாம். ஜீன் மாற்றம் உள்ளவர்களுக்கு நல்லாகத் தெரிகிற இடத்திலும் பல துண்டு எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். சொந்தத்துக்குள் கட்டினதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாயிடமோ தகப்பனிடமோ இருந்து மாறிய ஜீனின் ஒரு பிரதி வந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாவம் உங்கள் அம்மா, அந்தப் பழியை அவவின் தலையில் போட விடாதீர்கள்.

லேப்_அண்ணை:
வடலி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டெஸ்டை நீங்கள் முதலில் செய்யாதீர்கள், மாமி செய்யட்டும். வருத்தம் வந்த ஆளிடம் மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், இல்லை என்று வந்தால் உண்மையிலேயே இல்லை, நிம்மதியாக இருக்கலாம். மாமியைப் பார்க்காமல் நீங்கள் செய்து ‘இல்லை’ என்று வந்தால், உங்களுக்கு வரவில்லையா, குடும்பத்திலேயே அந்த ஜீன் காரணம் இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காசும் போய்க் குழப்பமும் மிஞ்சும். கனடாவில் அவவின் கன்சர் டொக்டரிடம் கேட்டால் ஜெனெற்றிக்ஸ் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

மாற்றம் இருந்தாலும் கன்சர் கட்டாயம் வரும் என்று இல்லை. சிடிஎச்1 மாற்றம் உள்ளவர்களில் 80 வயதுக்குள் ஆண்களில் ஏறக்குறைய 42%, பெண்களில் 33% என்பது 2019இல் வந்த கணக்கு, அதற்கு முன் ஆண்களுக்கு 70% வரை சொன்னார்கள். தங்கச்சிக்கு இன்னொன்று: இதே ஜீன் மார்பகத்தில் லொபியூலர் என்ற வகைக் கன்சரையும் கொண்டுவரும், அதனால் மாற்றம் இருந்தால் 30 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ செய்யச் சொல்வார்கள்.

சுன்னாகத்தான்:
ஜீன் முடிவு வரும்வரை சும்மா இருக்காதீர்கள், இரைப்பையில் இருந்துகொண்டு கன்சர் ஆபத்தைக் கூட்டும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இரைப்பைக் கன்சர் வந்தவர்களின் பிள்ளைகள், சகோதரங்கள் 1,600 பேருக்கு மேல் வைத்துக் கொரியாவில் பார்த்தார்கள், 2020இல் வெளிவந்தது: கிருமிக்கு மருந்து குடித்தவர்களில் 1.2%, குடிக்காதவர்களில் 2.7% பேருக்குக் கன்சர். ஜப்பானில் 2023இல் வந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பால்பி2 போன்ற வேறு ஜீன்களில் கேடான மாற்றமும் கிருமியும் சேர்ந்து இருந்தால் இரைப்பைக் கன்சர் வரும் வாய்ப்பு 85 வயதுக்குள் 45.5%, கிருமி மட்டும் என்றால் 14.4%. ஜீனை மாற்ற முடியாது, கிருமியைக் கொல்லலாமே! ஆனால் சிடிஎச்1 மாற்றம் இருந்தால் கிருமி போனாலும் ஆபத்து போகாது, அதையும் மறக்க வேண்டாம்.

மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய முதல் இரண்டு கிழமைக்கு இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குடிக்கக் கூடாது, அன்டிபயோட்டிக் என்றால் நாலு கிழமை. எங்கள் பக்கம் ‘காஸ்’ என்று பாமசியில் வாங்கி எல்லோரும் குடிக்கிறார்கள், அதைக் குடித்துக்கொண்டே போனால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.

கொக்குவில்_பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மாமியோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன், றிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா, ‘சிக்னெட் ரிங் செல்’ என்றுதான் இருக்கிறது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. எனக்கும் மாற்றம் இருந்தால் இரைப்பையை எடுக்கத்தான் வேண்டுமா? அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவது?

வடலி:
பெரும்பாலும் 20க்கும் 30க்கும் இடையில் எடுக்கச் சொல்வார்கள், ஆனால் உடனே வேண்டாம் என்பவர்களைக் குறித்த இடைவெளியில் கமரா விட்டுப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள், முடிவு உங்களுடையது. எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம் சாப்பிடுவார்கள், முதல் வருடம் மெலிவார்கள், பி12 ஊசி ஆயுளுக்கும் போட வேண்டும். இதெல்லாம் மாமியிடமே கேளுங்கள், அவவை விட நன்றாக யார் சொல்லப் போகிறார்கள். மாமியின் றிப்போட்டையும் அப்பாவின் காட்டையும் பிரதி எடுத்துக்கொண்டு தெல்லிப்பளை கன்சர் கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், சம்பந்தம் பேசி முடிந்த பிறகு பார்ப்போம் என்று வைக்க வேண்டாம்.